அளவு ஒன்றுதான், ஒட்டும் குணம் வேறு
செல்லில் புரதம் உருவாகும்போது அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் கடத்து ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே மின்சுமை, ஆகவே வண்ணப்பிரிகைக் குழாயில் (மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துப் பிரிக்கும் பொருள் நிரப்பிய குழாய்) அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அளவைப் பற்றிச் சொன்னது சரி. பெரும்பாலானவை 76 முதல் 90 நியூக்ளியோடைடுகள் (ஆர்.என்.ஏ. சங்கிலியின் கண்ணிகள்) நீளம்தான். 1965இல் அலனைன் என்ற அமினோ அமிலத்துக்கு உரிய கடத்து ஆர்.என்.ஏ.வின் வரிசையை வெளியிட்ட அமெரிக்க அறிவியலாளர் ஹோலி, 140 கிலோ ஈஸ்ட்டிலிருந்து குழாய் இல்லாமல், ஒன்றோடொன்று கலக்காத இரு திரவங்களுக்கிடையே பிரிக்கும் எதிரோட்டப் பகிர்வு முறையில்தான் 1 கிராம் பிரித்தெடுத்தார் என்பதும் உண்மை. ஆனால் 1967இலேயே கனடாவில் டெனர் குழுவினர் குழாயில் நிரப்ப, பென்சாயில் ஏற்றிய டி.இ.ஏ.இ. செல்லுலோஸை (நேர்மின்சுமை ஏற்றிய செல்லுலோஸில் நீரை வெறுக்கும் பென்சாயில் தொகுதிகளைச் சேர்த்தது) அறிமுகப்படுத்திவிட்டார்களே! அதில் மின்சுமையோடு நீர்வெறுப்புத் தன்மையும் சேர்ந்து மூலக்கூறுகளைப் பிடித்து வைக்கிறது. ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் ஈஸ்ட் கடத்து ஆர்.என்.ஏ.வை அந்தக் குழாயில் ஏற்றிவிட்டு, குளிர் அறையில் ஸ்வெட்டரோடு இரவெல்லாம் காத்திருந்திருக்கிறேன். உப்புச் செறிவை 1 மோலார் வரை கூட்டியும் ஃபினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்துக்கு உரிய கடத்து ஆர்.என்.ஏ. அசையவே இல்லை. எத்தனால் கலந்த கரைசலை விட்ட பிறகுதான் ஆர்.என்.ஏ. உறிஞ்சும் 260 நானோமீட்டர் புறஊதா ஒளியை அளக்கும் பதிவுத்தாளில் பேனா முள் சட்டென்று மேலே ஏறியது. எதிர்க்குறியீட்டை (தூது ஆர்.என்.ஏ.வின் குறியீட்டோடு இணையும் மூன்று எழுத்துகள்) ஒட்டி 37ஆம் இடத்தில் இருக்கும், நீரை வெறுக்கும் பருத்த ஒய் காரம்தான் அதை அப்படிப் பிடித்துவைத்திருந்தது. எனக்கு முன் கருத்துச் சொன்ன ஒரு நண்பர், மின்புலத்தில் கூழ் வழியே ஓடவிட்டுப் பிரிக்கும் ஜெல் மின்பிரிகையே போதும் என்கிறார். சிறிதளவுக்குப் போதும், படிகம் வளர்க்க மில்லிகிராம் கணக்கில் வேண்டுமென்றால் குழாயிடம்தான் வர வேண்டும்.