ஜோ 'நீங்க' என்று சொல்லும் இடம்

என் மருமகள் மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறாள், உயர்தரம் படிக்கிறாள். ஆறு மாதமாக ஒரு கதை எழுதி வருகிறாள். சார்ள்ஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலுக்குள் 'த சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் குடும்பத்தைக் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். ஃபேன் ஃபிக்ஷன், அதாவது பிடித்த கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதை. அவளுக்குப் படிப்பிக்கிற ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "நல்ல நாவலைக் கார்ட்டூனுக்குள் போட்டுக் கெடுக்காதே" என்றாராம். அதற்குப் பிறகு இரண்டு கிழமை பிள்ளை ஒரு வரியும் எழுதவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

அவள் கெடுக்கவில்லை. எழுதிய அவ்வளவையும் நான் வாசித்தேன்.

யாரை யாராகப் போடுகிறோம் என்பதிலேயே நாவலை எப்படி வாசித்தோம் என்பது தெரிந்துவிடும். கார்ட்டூன் குடும்பத்தின் மூத்த பிள்ளை பார்ட்தான், நாவலில் அக்கா வீட்டில் வளரும் அநாதைப் பிள்ளை பிப். சரி. பிப்பை வளர்க்கும் அக்கா புருஷன், கொல்லன் ஜோ யார் என்றால், பார்ட்டின் அப்பா ஹோமர்! எனக்கு முதலில் கோபமே வந்தது. ஜோ பிப்பின் மேல் ஒருநாளும் கை வைக்காதவன், அடிப்பதெல்லாம் அக்காதான். ஹோமரோ பார்ட்டின் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறவன். "இது எப்படிப் புள்ள பொருந்தும்?" என்று கேட்டேன்.

"மாமா, மெகி பிறந்த கதையைப் பாத்தீங்களா?" என்றாள்.

1995இல் வந்த அத்தியாயம் அது. ஹோமர் வெறுத்துப்போன அணுமின் நிலைய வேலையை விட்டுவிட்டு, ஆசைப்பட்ட பௌலிங் கூடத்தில் வேலைக்குச் சேர்கிறான். மூன்றாவது பிள்ளை மெகி வரப்போகிறது, சம்பளம் காணாது. பழைய முதலாளியிடமே போய்க் கெஞ்சுகிறான். 'மறக்காதே, நீ எப்போதும் இங்கேதான்' என்று அவன் கண்முன்னே ஒரு பலகையை மாட்டிவிடுகிறார்கள். ஹோமர் அதன் எழுத்துகளில் சிலவற்றை மகளின் படங்களை ஒட்டி மறைக்கிறான். மிஞ்சிய எழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் 'அவளுக்காகச் செய்' என்று வரும். "ஜோவும் இதைத்தானே மாமா செய்தான்?" என்றாள். பிப்பின் கடனை அடைத்துவிட்டு, அவன் எழும்புமுன் சொல்லாமல் போன ஜோ நினைவுக்கு வந்தான். எனக்குப் பதில் இல்லை. கழுத்தை நெரிக்கும் வேலையை அவள் ஹோமரின் மனைவி மார்ஜின் அக்கா செல்மாவிடம் கொடுத்திருக்கிறாள். அதுவும் சரிதான்.

எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. நாவலில் கலியாண நாளில் கைவிடப்பட்ட மிஸ் ஹவிஷாமாக, ஹோமரின் முதலாளி மிஸ்டர் பேர்ன்ஸைப் போட்டது பிழை. கடிகாரங்களை எட்டு நாற்பதில் நிறுத்திவைத்த அந்தப் பெண் மனம் உடைந்தவள். பேர்ன்ஸின் தனிமை பணத்தாசையால் வந்தது. இதை அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

என்னை அழ வைத்தது லண்டன் காட்சி. பிப் பெரிய மனிதனாகிவிட்டான், ஜோ பார்க்கப் போகிறான். நாவலிலேயே அது சிரிப்புக் காட்சிதான். ஜோவின் தொப்பி வைத்த இடத்தில் நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும், அவன் பாய்ந்து பாய்ந்து பிடிப்பான். கார்ட்டூனுக்கென்றே டிக்கன்ஸ் எழுதிவைத்த மாதிரி. ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஜோ தான் வளர்த்த பிள்ளையை 'சேர்' என்று கூப்பிடத் தொடங்குகிறான். இவள் ஜோவை எங்கள் ஊர்ப் பேச்சில் பேச விட்டிருக்கிறாள், வாய்க்கு வாய் 'மறுகா' (பிறகு) வரும். அதுவரை 'நீ' என்று பேசிய மனிதன் தொப்பியைக் குனிந்து எடுத்துக்கொண்டே, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்கிறான். கொழும்புக்குப் போய் ஆளே மாறிவிட்ட மகனுக்கு முன்னால் நின்ற அப்பாமாருக்கு இந்த 'நீங்க' விளங்கும்.

இது திருட்டு என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிக்கன்ஸ் 1870இல் இறந்தவர், நாவல் இப்போது எல்லாருக்கும் பொது. சிம்ப்சன்ஸுக்கு உரிமைக்காரர் இருக்கிறார்கள், ஆகவே காசுக்கு விற்கக் கூடாது. அவள் விற்கவும் இல்லை. அதோடு, கிழக்கில் எழுந்த முதல் தமிழ் நாவல்களில் ஒன்று திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை', 1891இல் வந்தது. ஓர்சன், வாலன்டைன் என்ற ஐரோப்பியச் சகோதரர்களின் பழங்கதைதான் அது. வியாச பாரதத்தில் அல்லியும் இல்லை, பவளக்கொடியும் இல்லை. அருச்சுனனை விட மனமில்லாத நம் ஆட்கள் உண்டாக்கிய பெண்கள் அவர்கள். ஃபேன் ஃபிக்ஷனும் அந்த மனதிலிருந்துதான் வருகிறது.

அவளுக்கு உண்மையான சிக்கல் வேறு. கார்ட்டூனில் யாருக்கும் வயது ஏறாது. 1989இலிருந்து பார்ட்டுக்குப் பத்து வயதுதான், அடுத்த அத்தியாயத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பிப்பின் கதையோ திரும்பிப் போக முடியாத கதை. பார்ட்டை வளரவிட்டால் கார்ட்டூன் உடையும், வளரவிடாவிட்டால் நாவல் உடையும். இதில்தான் அவள் நின்றுபோயிருந்தாள்.

நேற்றுப் பின்னேரம் வந்தாள், கையில் நாவலின் கடைசி அத்தியாயம். பதினொரு வருடம் கழித்து பிப் ஊருக்கு வருகிறான். அடுப்படியில், அவனுடைய பழைய முக்காலியில், ஜோவின் மகன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கும் பிப் என்றுதான் பெயர்.

"மாமா, அந்த முக்காலியில இருக்கிறவன்தான் கார்ட்டூன் பார்ட். பத்து வயசு, அதே முள்ளுத் தலை. வாசல்ல நிக்கிறவன் வளந்தவன்."

சொல்லிவிட்டு எழுதப் போய்விட்டாள்.