வரம்புத் தொகை எங்கிருந்து வந்தது?

அரசு மருத்துவச் சேவை எந்த மருந்துக்குச் செலவிடலாம் என்று முடிவு செய்யும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, விலை அதிகம் என்று புது மருந்துகளை மறுப்பது இரக்கமற்றது என்கிறது ஒரு கட்டுரை. எனக்கு உறுத்துவது வேறு. முழு நலத்துடன் கூடுதலாக வாழும் ஓர் ஆண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை செலவிடலாம் என்று நெடுங்காலம் ஒரு வரம்பு வைத்திருந்தார்களே, அதற்கு ஆய்வு ஆதாரம் சொற்பம். 2015-இல் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரசு மருத்துவச் சேவையின் செலவையும் இறப்பு விவரங்களையும் வைத்துக் கணக்கிட்டபோது, அந்தச் சேவை ஏற்கெனவே தரும் சிகிச்சைகளில் அப்படி ஓர் ஆண்டைப் பெற ஆகும் செலவு சுமார் 13,000 பவுண்டுதான் என்று வந்தது. அப்படியென்றால் வரம்பை ஒட்டிய விலையில் ஒரு மருந்தை ஏற்கும்போது, அதே பட்ஜெட்டை நம்பியிருக்கும் மற்ற நோயாளிகள் இழப்பதுதான் அதிகம். அவர்கள் யாரென்றே தெரியாது, டிவியில் பேட்டி கொடுக்கவும் மாட்டார்கள். மருந்து நிறுவனங்களோ வரம்பை உயர்த்தச் சொல்கின்றன! சரி, எந்தச் சிகிச்சையைக் குறைத்து அந்தப் பணத்தை எடுப்பது என்பதையும் சேர்த்தே சொல்லட்டும்.