பத்துப் பக்கத்துக்குப் பின்னால் நிற்கும் ஆட்கள்

முனைவர் பட்டம் முடித்தவர்கள் வேறு நாட்டு நிறுவனத்தில் ஆய்வு செய்யப் பணம் தரும் மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா கியூரி முதுமுனைவர் நல்கைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லி, ஏப்ரல் பிறந்தால் வாரத்துக்கு ஒருவராவது எனக்கு உள்பெட்டியில் எழுதுகிறார்கள். பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை கட்டுரை இருந்தால் கிடைக்கும், சார்?" இந்தக் கேள்வி தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது என் கருத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் அந்த நல்கைக்கு இரண்டு முறை விண்ணப்பித்து, முதல் முறை கிடைக்காமல், இரண்டாம் முறை பெற்றவன் என்ற அளவில் சொல்கிறேன். அந்த விண்ணப்பத்தில் ஆய்வாளரின் உழைப்பு பாதிதான். மறுபாதி, அவர் புறப்படும் நிறுவனமும் போய்ச் சேரும் நிறுவனமும் செய்யவேண்டிய வேலை. நம் பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்கைச் செய்வதில்லை. அதையும் சேர்த்துச் சுமக்கும் பிள்ளைகள், கிடைக்காதபோது தங்கள் அறிவையே சந்தேகப்படுகிறார்கள்.

என் கதை விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. வேதாரண்யம் கடற்கரைப் பகுதியில் நிலத்தடி நீர் உவர்ப்பாவதைப் பற்றிய என் ஆய்வேட்டை 2022 ஜனவரியில் ஒப்படைத்தேன். இந்த நல்கைக்கு விண்ணப்பிக்க, கடைசி நாளன்று முனைவர் பட்டம் கையில் இருக்கவேண்டும். பட்டமளிப்பு நடக்காவிட்டாலும், வாய்மொழித் தேர்வில் தேறியிருந்தால் போதும். அந்த ஆண்டின் கடைசி நாள் செப்டம்பர் 14. எட்டு மாதம் தாராளம் என்றுதான் நினைத்தேன். உள்நாட்டுத் தேர்வாளரின் அறிக்கை மே மாதம் வந்தது. வெளிநாட்டுத் தேர்வாளரின் அறிக்கைக்காகத் தேர்வுப் பிரிவின் மூன்றாம் எண் மேசைக்கு நான் நடந்த நடையில் ஒரு செருப்பு தேய்ந்தது. கடைசியில் தெரிந்தது, ஆய்வேடு அந்தத் தேர்வாளருக்கு அனுப்பப்படவே இல்லை. கோப்பு ஒரு கையெழுத்துக்காகக் கீழ் இழுப்பறையில் நான்கு மாதம் படுத்திருக்கிறது. வாய்மொழித் தேர்வு நவம்பரில் நடந்தது. ஓர் ஆண்டு போயிற்று. ஆய்வேட்டை ஒப்படைத்திருந்தாலே விண்ணப்பிக்கலாம் என்று நம் நாட்டின் தேசிய முதுமுனைவர் நல்கையில் ஒரு வழி வைத்திருந்தார்கள் என்பதை இங்கே சொல்லவேண்டும். இந்தத் தாமதத்தை அறிந்தவர் எவரோ அந்த விதியை எழுதியிருக்கிறார்.

2023இல், நெதர்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு செய்வதற்கான விண்ணப்பத்தைத் தனியாகவே எழுதினேன். திட்டத்தை விளக்கும் பகுதிக்குப் பத்துப் பக்கம்தான் இடம்; பதினோராம் பக்கத்தை எழுதினால் அதை மதிப்பீட்டாளர்களின் கண்ணுக்கே காட்டமாட்டார்கள். கட்டுரைப் பட்டியல் அந்தப் பத்துப் பக்கத்துக்குள் வருவதில்லை, தன்விவரக் குறிப்போடு வேறு பகுதியில் இருக்கிறது. மதிப்பெண்ணில் ஆய்வின் தரத்துக்கு 50 விழுக்காடு, அதன் தாக்கத்துக்கு 30, நடைமுறைப்படுத்தும் திட்டத்துக்கு 20. அந்த 50க்குள்ளும் ஆய்வுக் கேள்வி, முறையியல், நெறியாளரின் தகுதி, விண்ணப்பிப்பவரின் அனுபவம் என்று நான்கு கூறுகள் உண்டு. "எத்தனை கட்டுரை" என்று கேட்பவர், அந்த நான்கில் கடைசிக் கூறைப் பற்றித்தான் கேட்கிறார்.

பிரஸ்ஸல்ஸ் நேரம் மாலை ஐந்து மணிக்கு இணையவாசல் மூடும். நமக்கு இரவு எட்டரை. எட்டு மணிக்கு என் அறையில் மின்சாரம் போனது. கைப்பேசி இணைப்பில் கடைசிக் கோப்பை ஏற்றிவிட்டு, நெதர்லாந்து நெறியாளர் பொத்தானை அழுத்திவிட்டாரா என்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். பொத்தானை அழுத்துவது அவர்தான், ஏனென்றால் முறைப்படி விண்ணப்பிப்பது ஆய்வாளரை ஏற்கும் நிறுவனம். அந்த ஒரு விதியிலேயே எல்லாம் இருக்கிறது. எனக்குத்தான் அன்று புரியவில்லை. என் விண்ணப்பத்தை என்னையும் நெறியாளரையும் தவிர வேறு ஒரு மனிதர் படித்திருக்கவில்லை. நெறியாளரும் கடைசி வாரத்தில்தான் படித்தார்.

பிப்ரவரியில் முடிவு வந்தது: நூற்றுக்கு 78. எழுபதுக்குக் கீழே போயிருந்தால், அப்போதைய விதிப்படி அதே நிறுவனத்தோடு அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கவே முடிந்திருக்காது என்பதால், தோல்வியிலும் ஓர் ஆறுதல். மதிப்பீட்டு அறிக்கையை முதல் வாரம் திறக்கவில்லை. திறந்தபோது, என் நீர்வேதியியலைப் பற்றி ஒரு குறைகூட அதில் இல்லை. இந்த ஆய்வை இந்த நிறுவனத்தில்தான் செய்யவேண்டும் என்பதற்கான காரணம் போதவில்லை என்றிருந்தது. நான் அங்கே கற்றுக்கொள்வது எழுதப்பட்டிருக்கிறது, அவர்கள் என்னிடம் கற்றுக்கொள்வது என்ன என்று கேட்டிருந்தது. முடிவுகள் யாரைச் சேரும் என்ற பகுதி பொதுவாக இருக்கிறது என்றிருந்தது. மூன்றும் நியாயமான குறைகள். மூன்றும் ஒரு வாசகர் அரை மணி நேரத்தில் சுட்டிக்காட்டியிருக்கக்கூடிய குறைகள்.

இரண்டாம் முறை அந்த வாசகர் கிடைத்தார். ஏற்கும் பல்கலைக்கழகத்தில் நல்கை விண்ணப்பங்களுக்கென்றே ஓர் அலுவலகம் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. அங்கிருந்த அம்மையார் நீரியல் படித்தவர் அல்லர். மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தியை நிறமிட்டுக் காட்டி, "இதை நான் மூன்று முறை படித்தேன், உங்கள் ஊர்க் கிணறு எங்களுக்கு எதைச் சொல்லித்தரும்?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் விண்ணப்பத்தின் முதுகெலும்பு கிடைத்தது. கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் நெதர்லாந்தின் தாழ்நிலங்களிலும் உப்பு அடியிலிருந்து ஏறுகிறது. மணல்மேட்டில் ஊற்றுத் தோண்டி, உவர்நீருக்கு மேலே மிதக்கும் மெல்லிய நன்னீரை மட்டும் எடுத்துப் பயிர் செய்யும் நம் கடற்கரை விவசாயிகளின் கணக்கு அவர்களிடம் இல்லை. இது எனக்குத் தெரியாத செய்தியா? பிறந்ததிலிருந்து தெரியும். எழுதத்தக்கது என்றுதான் தெரியவில்லை. 2025 பிப்ரவரியில் நல்கை கிடைத்தது.

திறமையால் வென்றேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதே ஆய்வு, அதே கட்டுரைகள், அதே ஆள். கூடுதலாக இருந்தது ஓர் அலுவலகம். 2023இல் 8,039 பேர் விண்ணப்பித்ததில் 1,249 பேருக்கும், 2024இல் 10,360 பேரில் 1,696 பேருக்கும் கிடைத்தது. ஏறத்தாழ ஆறில் ஒருவர். 2025இல் விண்ணப்பங்கள் 17,058 ஆக எகிறிவிட்டன. இவ்வளவு நெருக்கத்தில், மதிப்பெண்ணின் ஓரிரு புள்ளிகளைத் தீர்மானிப்பது இப்படிப்பட்ட வாசிப்புகள்தான்.

(பணத்தைப் பற்றி ஒரு வரி. என் காலத்து விதியில் மாதம் 5,080 யூரோ என்று இருந்ததை என் மாமா ரூபாயில் பெருக்கிவிட்டுப் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார். அது முதலாளியின் பங்களிப்பும் அடங்கிய தொகை; அந்தந்த நாட்டின் விலைவாசிக்கு ஏற்ப அதைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திருத்தக் குணகமும் உண்டு. வரியும் போன பிறகு கையில் வருவது வேறு.)

நம் பல்கலைக்கழகங்களிடம் நான் நெதர்லாந்தைப் போல ஓர் அலுவலகம் கேட்கவில்லை. ஆய்வேடு தேர்வாளருக்குப் போன தேதியை மாணவர் இணையத்தில் பார்க்கும்படி செய்யலாம். அதற்குப் பெரிய செலவில்லை. ஒவ்வொரு துறையிலும் நல்கை பெற்றவரின் விண்ணப்பத்தை, அவர் சம்மதத்தோடு, நூலகத்தில் வைக்கலாம். இந்த நல்கைக்கு நாடுதோறும் வழிகாட்டும் தொடர்பாளர்களின் வலையமைப்பான எம்எஸ்சிஏ-நெட், விண்ணப்பதாரருக்கான கையேட்டை இலவசமாக வெளியிடுகிறது. அதைப் பேராசிரியர்களும் ஒரு முறை படிக்கலாம். "நன்றாக எழுதிவிட்டாயா? சரி, அனுப்பு" என்பதை வழிகாட்டுதல் என்று சொல்லிக்கொள்வதை நிறுத்தலாம். "நாங்கள் யார் உதவியும் இல்லாமல்தானே வந்தோம்" என்று மூத்தவர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் வந்த காலத்தில் அவரோடு போட்டியிட்டவர்களுக்கும் உதவி இல்லை.

போன மே மாதம் என் பழைய பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்க இருந்த நான்கு பேரை, ஒருவர் வரைவை மற்றவர் படிக்கும்படி கேட்டுக்கொண்டேன். தாவரவியல் மாணவி ஒருவர், கடலியல் மாணவரின் முதல் பக்கத்தில் பதினேழு சொற்களுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "இது என்ன?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். கடலியல் மாணவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் புதிய முதல் பக்கத்தை எனக்கு அனுப்பினார். அதில் அந்தப் பதினேழில் நான்கு சொற்கள்தான் மிச்சம் இருந்தன.