பலெர்மோ மேலங்கி சிலுவைப்போர்க் கொள்ளை அல்ல

வியன்னா அரச கருவூலத்தில் இருக்கும் பலெர்மோ மேலங்கி என்ற சிவப்புப் பட்டு மேலங்கி, சிலுவைப்போரில் ஒரு சுல்தானிடமிருந்து பறித்தது, ஓரத்தில் இருப்பது குர்ஆன் வசனம் என்று ஒரு கருத்து உண்டு. இரண்டுமே சரியில்லை.

அந்த அங்கி இத்தாலிக்குத் தெற்கே உள்ள சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில், கிறிஸ்தவ அரசரான இரண்டாம் ரோஜரின் அரண்மனைப் பட்டறையிலேயே உருவானது. சாட்சி அந்த ஓரத்து எழுத்துதான். கூஃபி என்ற கோண வடிவ அரபி எழுத்தில் அரசருக்கு நற்பேறும் நீண்ட புகழும் வேண்டி வாழ்த்திவிட்டு, செய்த ஊரையும் ஹிஜ்ரி 528 என்ற ஆண்டையும் சொல்கிறது. அதாவது கி.பி. 1133-34. ரோஜர் முடிசூடியது 1130-இல், ஆகவே அந்த விழாவுக்காகத் தைத்ததும் அல்ல.

வேலைப்பாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நடுவில் ஒரு மரம், இரு பக்கமும் ஒட்டகத்தை அமுக்கி நிற்கும் சிங்கம். தங்க நூலைப் பட்டின் மேல் நெருக்கமாகப் படியவைத்து, வேறு நூலால் தைத்துப் பிடித்திருக்கிறார்கள். உருவங்களின் விளிம்பெங்கும் முத்துக்கோவை. எவ்வளவு பொறுமை வேண்டும்! ரோஜரின் பேரன் காலத்தில் பலெர்மோவுக்குப் போன பயணி இப்னு ஜுபைர், அரண்மனையில் தங்க நூல் வேலை செய்த ஒரு முஸ்லிம் கைவினைஞரைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அப்புறம், ஜெர்மானியர் கைக்கு இது போனது ரோஜரின் மகள் கான்ஸ்டன்ஸை மணந்த ஜெர்மானிய அரசர் ஆறாம் ஹென்றி 1194-இல் சிசிலியைப் பிடித்தபோது. பிறகு 18-ஆம் நூற்றாண்டு வரை புனித ரோமானியப் பேரரசர்கள் முடிசூட்டு விழாவில் இதைப் போர்த்தினார்கள்.