ஒரே ஸ்பிரேயில் மனச்சோர்வு போய்விடுமா?

"மூக்கில் ஒரு ஸ்பிரே, மனச்சோர்வு ஒரே நாளில் குணம். மாத்திரைகளைத் தூக்கிப் போடுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. மருந்து நிஜம்தான், எஸ்கெட்டமின். குறைந்தது 2 வகை மனச்சோர்வு மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தும் அடங்காத மனச்சோர்வுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019-இல் அனுமதித்தது. சிலருக்குச் சீக்கிரமே தெளிவு தெரியும், ஆனால் அது குணமாகிவிட்டதாக ஆகாது. முதல் 4 வாரம் வாரத்துக்கு 2 தடவை, அப்புறமும் தொடர வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். அனுமதி பெற்ற மருத்துவ மையத்தில், ஊழியர் பார்த்திருக்க, நோயாளியே மூக்கில் அடித்துக்கொள்வார். சுமார் 40 நிமிடம் கழித்து ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், குறைந்தது 2 மணி நேரம் உட்கார வைப்பார்கள். மறுநாள் வரை வண்டி ஓட்டக்கூடாது.

2025-இல் மாத்திரை இல்லாமல் தனியாகத் தரவும் அனுமதி வந்தது. வதந்தி அங்கிருந்துதான் கிளம்பியதோ என்னவோ! அதற்காக மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள், ஆபத்து. எஃப்.டி.ஏ. இணையதளத்தில் மருந்துக் குறிப்பு இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.