நெதர்லாந்து சைக்கிள்காரர்களுக்குத் திமிரா?

போன மாதம் என் பெரியப்பா மகன் கும்பகோணத்திலிருந்து வந்து பத்து நாள் உட்ரெக்டில் எங்களோடு இருந்துவிட்டுப் போனார். ஒருநாள் ஆம்ஸ்டர்டாம் கூட்டிப்போனேன். அங்கே ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகக் கட்டடத்தின் நடுவே வளைவு வளைவாக ஒரு வழி போகும். நடுவில் சைக்கிள்கள், இரண்டு ஓரமும் நடப்பவர்களுக்கு. ஓரத்தில் யாரோ வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வளைவு முழுதாகப் படத்தில் விழ வேண்டும் என்று அண்ணன் ஓரத்திலிருந்து இறங்கி, சைக்கிள் வழியின் நட்டநடுவில் போய் நின்று போனைத் தூக்கினார்.

பின்னால் மணி அடித்தது. அண்ணன் இடப்பக்கம் ஒரு எட்டு வைத்தார். அப்புறம் வலப்பக்கம். அப்புறம் மறுபடி இடப்பக்கம். வந்த பெண்மணி பிரேக்கைப் பிடித்ததில், முன்சக்கரம் அண்ணனின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. ஹேண்டில்பாருக்குப் பின்னால் மாட்டிய சின்ன இருக்கையில் இரண்டு வயதுக் குழந்தை. அவர் டச்சில் சுருக்கென்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டார்.

"என்னம்மா இது, கொஞ்சம் ஒதுங்கிப் போனா கொறஞ்சா போயிடுவாங்க? இந்த ஊரு சைக்கிள்காரங்களுக்கு இவ்வளவு திமிரா?" என்றார் அண்ணன்.

அன்றைக்கு ரயிலில் அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் நானும் அப்படியேதான் நினைத்திருந்தேன். இப்போது அது திமிர் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். சுற்றிப் பார்க்க வருகிறவர்களும், புதிதாக வேலைக்கு வந்து இறங்கியிருக்கும் நம் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அண்ணன் நின்ற இடத்துக்கே ஒரு கதை உண்டு. அந்த அருங்காட்சியகத்தைப் புதுப்பிப்பதற்காகப் பத்தாண்டு மூடி வைத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில், இனி நடுவே சைக்கிள் போக வேண்டாம் என்று நிர்வாகம் முடிவுகட்டப் பார்த்தது. ஊர்க்காரர்களும் சைக்கிள் சங்கமும் விடவில்லை. வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். 2013 ஏப்ரலில் அருங்காட்சியகம் திறந்தது, மே மாதம் சைக்கிள்களுக்கும் வழி திறந்தது. நமக்கு அது படம் எடுக்கும் இடம். அந்தப் பெண்மணிக்கு, குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிற சாலை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் சாலையைக் கடக்கும்போது ஒரு கையை உயர்த்திக் காட்டிக்கொண்டே இறங்குவோம் இல்லையா? "நான் வந்துட்டேன், நீ பார்த்துப் போ" என்று அந்தக் கைக்கு அர்த்தம். வண்டிக்காரரும் நம்மைப் பார்த்து ஒடித்துக்கொண்டு போவார். கடக்கிறவர் முன்னே ஓர் எட்டு, பின்னே ஓர் எட்டு என்று போக, இரண்டு பேரும் அந்தக் கணத்தில் பேசித் தீர்த்துக்கொள்வதுபோலத்தான். இங்கே அந்தப் பேச்சுவார்த்தை கிடையாது. சைக்கிளில் வருபவர் இருபது அடி தள்ளியே உங்கள் நடையைப் பார்த்து, நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று கணக்குப் போட்டுவிடுவார். ஒரே சீராக நடந்தால் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார். அசையாமல் நின்றாலும் சுற்றிக்கொண்டு போவார். தயங்கிப் பின்வாங்கினால்தான் மோதல். அண்ணன் மூன்று தடவை ஒதுங்கினாரே, மூன்றுமே மரியாதைக்காகத்தான். அந்தப் பெண்மணிக்கு மூன்றும் மூன்று புதுக் கணக்கு.

அடுத்து நான் என்ன செய்யப்போகிறேன் என்பது பின்னால் வருபவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். இந்த ஊரில் சாலை மரியாதை என்றால் அதுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு இடி தேவைப்பட்டது.

வந்த முதல் வருடம். எங்கள் குடியிருப்புப் பக்கம் ஒரு சந்திப்புக்குச் சைக்கிளில் வந்தேன். குறுக்கே வந்த கார் எனக்காக நின்றது. பெரிய வண்டி நிற்கிறதே, நாம் எப்படிப் போவது என்று நானும் நின்றுவிட்டேன். நின்றதோடு இல்லாமல், நீங்க போங்க என்று கையைக் காட்டினேன். பின்னால் வந்த சைக்கிள் நேராக என் மட்கார்டில் இடித்தது. இறங்கியவர் நரைத்த தலை, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கோபப்படவில்லை. கீழே சாலையைக் காட்டினார். கார் நின்ற இடத்தில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக இருந்தன. "வழி உன்னுடையது. நீ போனால்தான் அவர் போவார், நானும் போவேன்" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லிவிட்டு, என் மட்கார்டை வளைத்து நேராக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த முக்கோணங்களை டச்சில் சுறாப் பற்கள் என்பார்கள். பல்லின் கூர்முனை உங்களைப் பார்த்து இருந்தால் நீங்கள் வழிவிட வேண்டும். இந்த ஊரில் சைக்கிளை எடுப்பதற்கு முன் ஒரே ஒரு விஷயம்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். பல்லும் இல்லை, பலகையும் இல்லை என்றால் வலப்பக்கமிருந்து வருபவருக்கு முதல் வழி. கார் வந்தாலும் சைக்கிள் வந்தாலும் அதுதான் கணக்கு. முன்பு வலப்பக்கம் வந்தாலும் சைக்கிள்தான் காருக்கு வழிவிட வேண்டியிருந்தது. 2001 மே 1 முதல் அதை மாற்றினார்கள். டிராம் மட்டும் விதிவிலக்கு, அது எந்தப் பக்கம் வந்தாலும் விட்டுவிடுங்கள். டிராம் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காதீர்கள், சக்கரம் உள்ளே இறங்கிக்கொள்ளும். குறுக்காக வெட்டிக் கடக்க வேண்டும்.

மணி விஷயமும் நமக்கு மாறித்தான் இருக்கிறது. நம் ஊர் மணி "தள்ளு தள்ளு" என்று அதட்டும். இங்கே முந்துவதற்குக் கொஞ்சம் முன்பே, தூரத்தில் இருக்கும்போதே ஒரு தடவை, லேசாக. "உங்கள் இடப்பக்கம் வருகிறேன்" என்று தகவல் சொல்வது அது. முன்னால் போகிறவர் வலது ஓரமாக அப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும், திரும்பிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு பேர் ஜோடியாகப் பேசிக்கொண்டு போகலாம், சட்டமே அனுமதிக்கிறது. மூன்று பேர் சேர்ந்து போகக் கூடாது. நம் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை நால்வராகப் பாதையை அடைத்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நிற்க வேண்டுமென்றால் பாதையிலேயே நிற்காதீர்கள், ஓரத்தில் ஏறி நின்று வழியைப் பாருங்கள். உட்ரெக்டின் ஃப்ரேடன்புர்க் வழியாக ஒரு நாளைக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் போகின்றன. அங்கே ஒருவர் சட்டென்று நின்றால் பின்னால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விளக்கு இல்லாமல் இருட்டில் போனால் அபராதம். முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள், பின்னால் சிவப்பு, மினுக்மினுக் என்று விட்டு விட்டு எரியக் கூடாது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது 2019 ஜூலை 1 முதல் குற்றம். ஆனாலும் பிடித்துக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், டச்சுப் பிள்ளைகள்தான் அதிகம். அவர்கள் செய்கிறார்கள் என்று நாமும் செய்ய வேண்டாம்.

இவ்வளவு ஒழுங்கு இவர்களுக்கு ரத்தத்திலேயே ஊறியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1971இல் இந்தச் சின்ன நாட்டின் சாலைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். மகளைச் சாலையில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் அடுத்த வருடம் "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்று எழுதினார். அதே பெயரில் பெற்றோர்கள் திரண்டார்கள், குழந்தைகளோடு சாலையில் உட்கார்ந்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமை கார் ஓடாமல் இருந்தபோது, காலியான நெடுஞ்சாலையில் ஜனங்கள் சைக்கிள் ஓட்டினார்கள். தனிப் பாதைகள் எல்லாம் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல, கேட்டுக் கேட்டு வாங்கியவை.

சட்டமும் அதே பக்கம்தான் நிற்கிறது. மோட்டார் வண்டி ஒரு சைக்கிள்காரரையோ நடப்பவரையோ இடித்துவிட்டால், நஷ்டத்தை முதலில் ஏற்க வேண்டியது வண்டிக்காரர். தன்னால் எந்த வகையிலும் தவிர்த்திருக்கவே முடியாது என்று அவர் நிரூபித்தால்தான் தப்பிக்கலாம். இடிபட்டது 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை என்றால், குழந்தை மேல் தவறு இருந்தாலும் அநேகமாக முழு நஷ்டஈடும் அவர் தலையில்தான். நான் கார் ஓட்டக் கற்றபோது, பயிற்சி கொடுத்தவர் ஒவ்வொரு வலது திருப்பத்திலும் "சைக்கிள்?" என்று ஒற்றை வார்த்தை கேட்பார். தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டு "இல்லை" என்று சொல்லும்வரை விடமாட்டார்.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னை அசைத்தது பிள்ளைகளுக்கு வைக்கும் தேர்வு. பத்து பதினோரு வயதில் பள்ளியில் சாலைத் தேர்வு உண்டு. எழுத்துத் தேர்வு ஒன்று, அப்புறம் நிஜச் சாலையில் சைக்கிள் ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கும் முன்னால் சைக்கிளையே சோதிப்பார்கள். மணி, பிரேக், விளக்கு, பெடலில் மஞ்சள் பிரதிபலிப்பான், எல்லாம் இருக்கிறதா என்று. என் மகன் எழுதிய வருடம், பெற்றோர்கள் சிலர் சாலை முனைகளில் நின்று குறிக்க வேண்டும் என்று பள்ளியில் கேட்டார்கள். நானும் போனேன்.

எனக்குக் கொடுத்த இடத்தில் பிள்ளைகள் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அதுதான் கஷ்டமான திருப்பம். கையில் அட்டை, பேனா. ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே கட்டங்கள்: பின்னால் பார்த்தானா, கையை நீட்டினானா, எதிரே வருபவருக்கு வழிவிட்டானா. பதினான்காம் எண் சட்டை போட்ட ஒரு பையன் வந்தான். சரியாகத் திருப்பத்துக்கு முன்னால் ஒரு பார்சல் வண்டி ஓரத்தை அடைத்து நின்றது. பையன் வேகத்தைக் குறைத்து, இடத் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தான். ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது. அதை விட்டான். மறுபடி பார்த்தான், கையை நீட்டினான், வண்டியைச் சுற்றி வந்தான், எதிரே வந்த ஒரு பாட்டிக்கு நின்றான், அப்புறம் திரும்பினான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு கூட ஓடவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்து வந்த பெண் பிள்ளை, பின்னால் பார்க்காமலே கையை நீட்டித் திரும்பிவிட்டாள். எனக்குப் பெருக்கல் குறி போட மனம் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஆசிரியையிடம், "சின்னப் பெண்தானே, காலி ரோடுதானே" என்றேன். அவர் சொன்னார், "இன்னும் ஒன்றரை வருடத்தில் இவள் தினமும் ஒன்பது கிலோமீட்டர் தனியாக உயர்நிலைப் பள்ளிக்குப் போவாள். இன்றைக்கே குறித்துக் கொடுங்கள்." குறித்தேன்.

சொர்க்கம் என்று எழுதவும் எனக்கு மனமில்லை. 2017இல் முதல்முறையாகக் காரில் போய் விபத்தில் இறந்தவர்களைவிடச் சைக்கிளில் இறந்தவர்கள் அதிகமானார்கள். 2022இல் ஏறக்குறைய 290 சைக்கிள்காரர்கள் இறந்தார்கள், அதில் வயதானவர்களே அதிகம். சாதாரணச் சைக்கிளுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை மோட்டார் உதவும் மின்சைக்கிளுக்கும் ஹெல்மெட் கட்டாயமில்லை. டச்சுக்காரர்களிடம் அதைப் பற்றிப் பேசினாலே முகம் சுளிப்பார்கள். பாதை நன்றாக இருந்தால் ஹெல்மெட் எதற்கு என்பது அவர்கள் வாதம். கார் இடிப்பதைப் பொறுத்தவரை அது சரி. தானாக வழுக்கி விழுகிற அறுபத்தைந்து வயதுக்காரருக்கு அது பதில் இல்லை. என் மாமியார் இங்கே வந்தால் மின்சைக்கிள் ஓட்டுவார், தலையில் ஹெல்மெட் இல்லாமல் நான் சாவியைக் கொடுப்பதில்லை. வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, தடித்த டயர் போட்ட மின்சைக்கிளில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பறக்கிறார்களே, அதை அவர்கள் பெற்றோர் எப்படி விடுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு இன்னொன்று. தெருவில் யாராவது இருபது யூரோவுக்குச் சைக்கிள் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். திருட்டுச் சைக்கிளை வாங்குவதும் குற்றம்தான். கடையில் பழையது வாங்கினாலும் ரசீது கேளுங்கள், இரண்டு பூட்டு போடுங்கள்.

அண்ணனிடம் போன வாரம் போனில் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே" என்று கேட்டார். மே மாதம் அண்ணியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி வருகிறார். இந்தத் தடவை சைக்கிளில்தான் சுற்ற வேண்டுமாம். முதல் ஞாயிறு காலை எங்கள் தெருவில் மூவருக்கும் பழக்கிவிட்டு, அப்புறம்தான் வெளியே விடுவேன். பெரியவர்களுக்கு இரண்டு சைக்கிள் ஏற்பாடு செய்துவிட்டேன். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு ஏற்ற சின்னச் சைக்கிள் உட்ரெக்ட் பக்கம் யாரிடமாவது இருந்தால் இரண்டு வாரத்துக்குக் கொடுங்கள். விளக்கு எரியாவிட்டால் பரவாயில்லை, நான் மாற்றிக்கொள்கிறேன். மணி மட்டும் இருக்கட்டும்.