ஏஆர்-15 முழுத் தானியங்கி அல்ல

அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஏஆர்-15 துப்பாக்கி, விசையை அழுத்திப் பிடித்தால் சரமாரியாகச் சுடும் என்று சொல்லப்படுகிறது. அது சரியல்லங்க. அது அரைத் தானியங்கி. சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறிவிடும். ஆனால் விசையை விட்டு மறுபடி அழுத்தினால்தான் வெடிக்கும்.

துப்பாக்கியின் இடப்பக்கம், கைப்பிடிக்கு மேலே உள்ள சிறு நெம்புகோலைப் பாருங்கள்: ‘சேஃப்’, ‘ஃபயர்’ என இரண்டே நிலைகள். ராணுவத் துப்பாக்கியான எம்16-இல் மூன்றாவதாக ‘ஆட்டோ’ (தொடர்ந்து சுடும்) அல்லது ‘பர்ஸ்ட்’ (ஒரு அழுத்தலுக்குச் சில தோட்டாக்கள்) இருக்கும். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 26ஆம் தலைப்பு, பிரிவு 5845(பி)-யைப் படியுங்கள்: விசையின் ஒரே இயக்கத்தில் ஒன்றுக்கு மேல் சுட்டால்தான் இயந்திரத் துப்பாக்கி, அதாவது தானியங்கி.

துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்பவர்களுக்குத்தான் இது அதிகம் முக்கியம். 1986 மே 19-க்குப் பின் தயாரான இயந்திரத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் வாங்க ஏற்கெனவே தடை உண்டு. ‘தானியங்கியைத் தடை செய்’ என்ற கோரிக்கை ஏஆர்-15-ஐத் தொடவே தொடாது.